சூளபந்தகரும் மட்டாஞ்சேரிப் பிள்ளைகளும்

சூளபந்தகர் வரலாற்றை நம் சகோதரர்கள் பலர் கேட்டிருப்பர். ஒரு பிக்ஷு ஆயிரம் பிக்ஷுக்களாகத் தோன்றினார் என்னும் இடம் வந்ததும் வியந்து, அவ்வியப்போடே எழுந்து சென்றுவிடுவது நம் வழக்கம். ஆனால் அது பள்ளிக்கூடத்துக் கதை. கற்க இயலாத மாணவர் ஒருவர், அவரைக் கைவிட்ட ஆசிரியர் ஒருவர், அவருக்குக் கற்பித்த ஆசான் ஒருவர் ஆகிய மூவரைப் பற்றியது. இந்நோக்கில் அதனை மீண்டும் ஒருமுறை படித்து, கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலருடைய நிலையை அதனருகில் வைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் கருத்து.

ஜாதக அட்டகதையிலும் தம்மபத அட்டகதையிலும் இவ்வரலாறு காணப்படுகிறது. இராஜகிருகத்துப் பெருவணிகர் ஒருவரின் மகள் தன் வீட்டுப் பணியாளனோடு ஊரைவிட்டு நீங்கினாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு திரும்புகையில் வழியிலேயே மகன் பிறந்தான். இரண்டாம் மகனும் அவ்வாறே பிறந்தான். வழியிற் பிறந்தமையின் மூத்தவர் மகாபந்தகர் என்றும் இளையவர் சூளபந்தகர் என்றும் பெயர் பெற்றனர். பாட்டனார் பேரப்பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார். பெற்றோரையோ தம் கண்முன் வரலாகாது என்று பொருள் கொடுத்தனுப்பிவிட்டார். இச்செய்தியை வேறு யார் கவனியாது விட்டாலும் நம்மவர் விடமாட்டார்கள்.

மகாபந்தகர் முதலில் துறவு பூண்டு அரகந்த நிலை எய்தினார். பின்னர் தம்பியையும் சங்கத்திற் சேர்த்து, நான்கடி கொண்ட ஒரு காதையைப் பாடமாகக் கொடுத்தார். நான்கு மாதம் கழிந்தது. புதிய சொல்லைப் பிடித்தால் பழைய சொல் நழுவியது. அண்ணன் பொறுமையிழந்து, ‘உன்னால் இச்சாசனத்தில் பயனில்லை, வெளியே போ’ என்று கூறிவிட்டார். அந்நாளில் மருத்துவர் ஜீவகர் புத்தபகவானையும் பிக்ஷுக்களையும் விருந்துக்கு அழைத்தார். உணவுக்குச் செல்வோரைக் கணக்கிடும் பொறுப்பு மகாபந்தகருடையது. அவர் தம்பியை விட்டுவிட்டுக் கணக்குச் சொன்னார். பாடம் வராதவனுக்குப் பந்தியிலும் இடமில்லை என்றாயிற்று.

விடியற்காலையில் இல்லறத்துக்குத் திரும்பப் புறப்பட்ட சூளபந்தகரைப் பகவான் வாயிலில் எதிர்கொண்டார். அவர் தலையைத் தடவி, தூய வெண்துணி ஒன்றைக் கையிற் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து அதனைத் தேய்த்துக்கொண்டே ‘அழுக்கு நீக்கம்’ எனப் பொருள்படும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி பணித்தார். கதிர் ஏற ஏறக் கை வியர்த்தது, வெண்துணி மாசுற்றது. தூயதாயிருந்தது இவ்வுடம்பைத் தொட்டு மாறிற்றே என்று அவர் உள்ளம் விழித்தது. அண்ணனால் நான்கு மாதத்தில் ஊட்ட முடியாத உண்மை ஒரு காலைப்பொழுதில் அவருக்குச் சொந்தமாயிற்று. ஜீவகர் வீட்டில் உணவு பரிமாறும் வேளையில் பகவான் தம் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டு, ‘விகாரையில் இன்னும் ஒருவர் இருக்கிறார்’ என்றார். அவரை அழைத்துவந்த பின்னரே உணவு தொடங்கிற்று. உண்டபின் அறவுரை கூறும் பொறுப்பும் அவருக்கே அளிக்கப்பட்டது.

இதிற் கவனிக்கவேண்டியது என்ன? மகாபந்தகர் கொடியவர் அல்லர். கற்றவர், ஒழுக்கமுடையவர், ஆசைகளை வென்றவர் என்றே நூல் கூறுகிறது. அவரிடத்தில் ஓர் அளவுகோல்தான் இருந்தது. காதால் கேட்டு நாவால் ஒப்பிப்பதே கல்வி என்பது அவ்வளவுகோல். அதனால் அளந்தால் தம்பி பூஜ்யம். பகவான் பாடத்தின் கருத்தைக் குறைக்கவில்லை. நிலையாமை என்ற அதே உண்மைதான் அங்கும் கற்பிக்கப்பட்டது. வழியைத்தான் மாற்றினார். காதும் நாவும் செல்லாத வழியில் கையையும் கண்ணையும் செலுத்தினார். சொற்கள் பல நிற்காத நினைவுக்கு ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தார். இக்காலப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி எழுதப்படும் தனியாள் கல்வித்திட்டம் என்பதன் உட்கருத்தும் இதுவே.

ஈண்டு ஒரு தடையை நீக்கவேண்டும். சூளபந்தகர் முற்பிறவியொன்றில் மந்தமான பிக்ஷு ஒருவரை எள்ளி நகைத்ததன் பயனே இம்மந்தம் என்று அட்டகதை காரணம் கூறுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு, ‘குறையுடைய பிள்ளை பிறந்தது பெற்றோர் வினை, பிள்ளையின் வினை’ என்று பேசுவோர் நம்மிடையிலும் உளர். நாம் எந்தக் கொள்கையின் பேரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டோமோ, அதே கொள்கையை நம் வீட்டுக் குழந்தையின் தலையில் ஏற்றுவது எங்ஙனம் பொருந்தும்? சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்னும் பரிவிராஜகர், மனிதன் அனுபவிப்பன யாவும் முன்வினையாலேயா என்று பகவானைக் கேட்கிறார். பித்தம், கபம், வாயு, அவற்றின் கூட்டு, பருவ மாறுதல், பேணுதலிற் பிழை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவான் எடுத்துக்காட்டி, எல்லாம் முன்வினை என்பார் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்று மறுக்கிறார். பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை, காதிற் சீழ் வடிந்து கேள்வி குன்றிய குழந்தை ஆகியோருக்கு இப்பட்டியலிலேயே விடை இருக்கிறது. அட்டகதைக் காரணத்தையும் உற்றுப் பார்த்தால், பழி மந்தமானவனுக்கன்று, அவனை எள்ளி நகைத்தவனுக்கே என்பது விளங்கும்.

விநயபிடகத்து மகாவக்கத்தில் குருடர், செவிடர், முடவர் முதலியோருக்குத் துறவு கொடுத்தல் தகாது எனக் காண்கிறதே என்று சகோதரர் சிலர் கேட்பதுண்டு. காண்பது உண்மை, மறைக்கவேண்டியதில்லை. அது பிச்சையேற்று நடந்து வாழும் துறவிக் கூட்டத்தில் சேர்ப்பதற்கு வகுத்த விதி. தம்மத்தைக் கேட்பதற்கும் கற்பதற்கும் அப்படியொரு விதி யாண்டும் இல்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் இரந்து பெற்ற உணவைக் கண்ணிழந்தோர், செவியிழந்தோர், கால் முடம்பட்டோர், காப்பாரற்றோர் யாவரையும் அழைத்து ஊட்டிய பின்னரே தான் உண்டான் என்று நம் தமிழ்ப் பௌத்த மரபு காட்டுகிறது. அதனை நம் முறையாகக் கொள்வோம்.

நிற்க. இனி மட்டாஞ்சேரிக்கு வருவோம்.

அரபிக்கடலும் காயலும் சூழ்ந்த அவ்வூரைப் பற்றிப் புத்தகங்கள் கூறுவன பெரும்பாலும் 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிய அரண்மனையும், 1568-ல் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும், மிளகு மணக்கும் பஜார் வீதியுமே. குஜராத்தியர், கொங்கணியர், கச்சி முஸ்லிம்கள், தமிழர் எனப் பல மொழியினர் நெருங்கி வாழும் இடம் அது. அடுத்துள்ள கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்துவருகின்றன. அவர்களுக்கென 1976-ல் நகர வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த சலவைத் துறை அங்கே இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் வாத்துருத்தியில் தமிழ்நாட்டிலிருந்து கூலிவேலைக்கு வந்தோரின் குடியிருப்பு. மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி, எர்ணாகுளம் எனத் தனித்தனி நகரசபைகளாய் இருந்தவை 1967 நவம்பர் 1-ல் ஒரே மாநகராட்சியாயின. காயலைக் கடந்து மருத்துவமனைக்குச் செல்லும் ஏழைத் தாய்க்கு அவை இன்றும் வெவ்வேறு ஊர்களே.

இப்பகுதியில் நாம் சில ஆண்டுகள் தங்கியிருந்தபோது, ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திவந்தோம். திரிசரணமும் பஞ்சசீலமும் தமிழ் எழுத்தும் கற்பித்தோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வருவான். தந்தை கிடங்கில் மூட்டை சுமப்பவர். எல்லாப் பிள்ளைகளும் மூன்று வாரத்தில் ஒப்பித்ததை அவன் மூன்று மாதத்திலும் ஒப்பிக்கவில்லை. கேட்டால் சிரிப்பான், அல்லது பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து முணுமுணுப்பான். பள்ளிக்கூடத்திலும் ‘இவனுக்கு எதுவும் ஏறாது’ என்று சொல்லியிருந்தார்கள். நாமும் நம்பினோம். ‘தம்பி, நீ வாசலில் இருந்து எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்’ என்று அவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். அவனும் மகிழ்ச்சியோடு செய்தான். அதை அன்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்!

மழைக்கால ஞாயிறொன்றில் அவன் முதுகுக்குப் பின்னிருந்து பெயர் சொல்லி அழைத்தோம், திரும்பவில்லை. மீண்டும் அழைத்தோம், திரும்பவில்லை. கிட்டே சென்றபோது காதிலிருந்து சீழ் வடிந்து காய்ந்திருப்பதைக் கண்டோம். தாயாரைக் கேட்டால், ‘அது சின்ன வயசிலேருந்தே அப்படித்தாங்க ஐயா, சளி பிடிச்சா வரும்’ என்றார். மருத்துவர் சோதித்தபோது இரண்டு காதிலும் கேள்வி பெரிதும் குன்றியிருப்பது தெரிந்தது. மூன்று மாதம் நாம் அவனுக்கு ஒப்பித்த சரணங்கள் அவன் காதை எட்டவேயில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது நம் உதடுகளை. மகாபந்தகரைக் குறை கூறும் தகுதி அன்றோடு நமக்கு இல்லாமற் போயிற்று.

இது நம் சொந்தப் பிழை. இனி அவ்வூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொதுவாக நேரும் மற்றொரு பிழையைச் சற்று விரிவாகக் கூறுவோம். தமிழில் ககரம் ஒன்றே; மலையாளத்தில் அதன் இடத்தில் நான்கு எழுத்துக்கள் உள்ளன. தகரமும் பகரமும் அவ்வாறே. ‘புத்தன்’ என்பதை நாம் பகரத்தாலும் தகரத்தாலும் எழுதிவிடுகிறோம். மலையாளத்திலோ முதலெழுத்து ப-வரிசையின் மூன்றாம் எழுத்து. அடுத்தது த-வரிசையின் மூன்றாம் நான்காம் எழுத்துக்கள் கூடிய கூட்டெழுத்து. வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்தின் பழக்கத்தோடு வந்த பிள்ளை இவற்றை மாற்றி மாற்றி எழுதினால், அது அறிவுக் குறையன்று. இரண்டு எழுத்து முறைகளின் வேறுபாடு. இதை அறியாதார் அப்பிள்ளைக்குக் ‘கற்றல் குறைபாடு’ என்று பெயர் வைத்துவிடக்கூடும். இதற்கு எதிர்ப்பிழையும் உண்டு. மெய்யாகவே எழுத்தை ஒலியோடு இணைக்க இயலாத பிள்ளையை, ‘தமிழ்ப் பிள்ளைதானே, மலையாளம் வராது, போகப்போகச் சரியாகும்’ என்று மூன்று நான்கு ஆண்டுகள் விட்டுவிடுவர். நம் அனுபவத்தில் இரண்டாவது பிழையே அதிகக் கேடு செய்கிறது. ஏனெனில் அது பரிவின் வேடத்தில் வருகிறது.

இரண்டையும் பிரித்தறிவதற்கு வழி உண்டு. பிள்ளையை அவன் வீட்டு மொழியிலேயே சோதிக்கவேண்டும். தமிழ் எழுத்துத் தெரியாதவனாயின் வாய்மொழியாகவே சோதிக்கலாம். ‘மரம்’ என்பதில் முதலெழுத்தை நீக்கிச் சொல் என்றால் ‘ரம்’ என்று சொல்கிறானா? ‘கல், பல், கால்’ என்பவற்றில் ஒத்து முடியாதது எது என்று கண்டுபிடிக்கிறானா? வீட்டு மொழியில் இவையெல்லாம் எளிதாய் வந்து, மலையாள ஏட்டில் மட்டும் தடுமாறினால் அவனுக்கு வேண்டியது மொழிப் பயிற்சி. தாய்மொழியிலும் தடுமாறினால் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டவேண்டும். இது நோய்க்குறி முடிவு அன்று. அதைச் செய்யவேண்டியவர் அத்துறை வல்லாரே. யாரிடம் அழைத்துச் செல்வது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கே இச்சோதனை உதவும்.

சட்டம் என்ன கூறுகிறது என்பதை நம்மவர் தெரிந்திருத்தல் நன்று. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. 2012-ல் செய்யப்பட்ட திருத்தம் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளை வெளிப்படையாக அதனுட்கொணர்ந்து, கடுங்குறைபாடு உடையோர் வீட்டிலிருந்தே கற்கவும் இடமளித்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழுவகைக் குறைபாடுகளையே கணக்கிற் கொண்டிருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதனை 21 ஆக்கிற்று. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதிற் சேர்ந்தன. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பள்ளி கூறுமாயின், அது கருணைக் குறைவு மட்டுமன்று, சட்ட மீறல்.

கேரளத்தில் இப்பணி வட்டார வள மையங்களின் வழியே நடைபெறுகிறது. மட்டாஞ்சேரிக் கல்வி உபமாவட்டத்துக்கும் அத்தகைய மையம் உண்டு. அங்குள்ள சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிதோறும் சென்று பிள்ளைகளைக் கண்டறிகின்றனர். மருத்துவ முகாம் நடத்திக் கேள்விக் கருவி, சக்கர நாற்காலி முதலியவற்றுக்குப் பரிந்துரைக்கின்றனர். படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிற்கே சென்று கற்பிக்கின்றனர். ஒருவர் பல பள்ளிகளுக்கு ஓடவேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுகளைக் கழித்தவர்கள். தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பாசிரியர் வேண்டுமென உச்சநீதிமன்றத்தின் 2021 அக்டோபர்த் தீர்ப்புக்குப் பின் மத்திய அரசு 2022-ல் அறிவித்த விதியை நோக்க, நடைமுறை எவ்வளவு பின்தங்கியது என்பது விளங்கும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் இத்தகைய பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 3500 ரூபாய் வரையிலும், பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு உதவித்தொகையும் வகுக்கப்பட்டுள்ளன. படுக்கைப் பிள்ளையைப் பராமரிக்கும் தாய்க்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்னும் பெயரால் மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் அரசிடம் உண்டு. பணம் காலத்தில் வந்து சேராததும் உண்டு. ஆயினும் விண்ணப்பமே போடாதவருக்குத் தாமதமாகவும் வராது.

அறிவுத்திறன் குறைபாடு மிக்க பிள்ளைகளுக்காகக் குடும்பஸ்ரீயும் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து நடத்தும் பட்ஸ் பள்ளிகள் வேறொரு வகை. முதற்பள்ளி 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூரில் தொடங்கிற்று. அண்டைவீட்டுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிச் சேர்த்த சிறுசேமிப்புக் குழுக்களிலிருந்து முளைத்த ஓர் இயக்கம், பகலெல்லாம் ஒரு பிள்ளையோடு வீட்டில் அடைபட்டிருந்த தாய்மாரை வெளியே வரச்செய்தது. பொருளில்லாதார் ஒன்றுகூடினால் என்ன செய்யலாம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாம் அங்கே காணவில்லை.

இவற்றிலெல்லாம் நம் உள்ளத்தைத் தொட்டது மற்றொன்று. வீட்டிலேயே கிடக்கும் பிள்ளையைக் காண அவன் பெயர் பதிந்திருக்கும் வகுப்பின் மாணவர்கள் ஆசிரியரோடு கூட்டமாகச் செல்லும் வழக்கம் கேரளப் பள்ளிகளில் உண்டாக்கப்பட்டிருக்கிறது. ‘சங்ஙாதிக்கூட்டம்’ என்று அதற்குப் பெயர். தோழர் குழு என்பது பொருள். ‘அவன் சங்காத்தமே வேண்டாம்’ என்று நாம் சொல்லும் சொல்லும் இதுவும் உறவுடையவை. நம் ‘சங்கம்’ என்னும் சொல்லும் அதே வேரினது என்பர். பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள், படம் வரைந்து காட்டுகிறார்கள், கட்டிலைச் சுற்றி அமர்ந்து ஏதேனும் விளையாடுகிறார்கள். அதனால் மூளை முடக்குவாதம் குணமாவதில்லை. ஆனால் ஐந்து ஆண்டு வருகைப் பதிவேட்டில் பெயராக மட்டும் இருந்த ஒருவன், வகுப்பில் உள்ள ஒருவனாகிறான். பெரியோர் பத்துச் சொற்பொழிவில் சாதிக்க முடியாததை இப்பிள்ளைகள் ஒரு மாலையில் செய்துவிடுகிறார்கள்.

விளையாட்டிலும் மாறுதல் தோன்றியிருக்கிறது. 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் முதன்முறையாகப் பிற மாணவரோடு அதே மேளாவிற் பங்குகொண்டனர். போக்குவரத்திலும் சிறு நன்மை உண்டாயிற்று. பழைய படகில் ஏறவேண்டுமாயின் ஆடும் படகுக்கும் கரைக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தாண்டவேண்டும். நடக்கவியலாத பிள்ளையைத் தோளிற் சுமந்த தாய்மார் அதனைத் தாண்டியதை நாம் கண்டிருக்கிறோம். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியில் திறக்கப்பட்ட வாட்டர் மெட்ரோ நிலையத்தில், படகின் தளத்தோடு சமமாக மிதக்கும் மேடை இருப்பதால் சக்கர நாற்காலியை உருட்டியே ஏற்றலாம். ஆனால் வீட்டிலிருந்து அந்நிலையம் வரையுள்ள சந்து அகலமாகவில்லை.

இனி நம்மவர் செய்யக்கூடியது யாது? பெரிய கட்டடமோ பெருநிதியோ வேண்டும் என்று எண்ணி மலைக்கவேண்டாம். மட்டாஞ்சேரியில் நாம் கண்டவரையில் ஒரு குடும்பத்துக்கு முதலில் வேண்டியது துணைக்கு ஓர் ஆள். சான்றிதழுக்கு மருத்துவக் குழு கூடும் நாள் எது, எந்தச் சாளரத்தில் நிற்கவேண்டும், ஆதார் அட்டையில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் என்ன செய்வது என்பவை தினக்கூலி வேலைக்காரருக்குப் பெருமலைகள். ஒரு நாள் கூலியை இழந்து சென்று, ‘அடுத்த வாரம் வா’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவர் மறுமுறை செல்லமாட்டார். மலையாளம் எழுதப்படிக்கத் தெரிந்த சகோதரர் ஒருவர் உடன் சென்றால் அப்படிவம் அன்றே நிரம்பிவிடும். நாட்டு அளவிலான தனித்துவ அடையாள அட்டை கிடைத்துவிட்டால், குடும்பம் நாளை திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ திரும்பினாலும் அது செல்லும். இடம்பெயரும் தொழிலாளருக்கு இது பெரிய அனுகூலம்.

அடுத்தது காதும் கண்ணும். பள்ளியில் பின்தங்கிய எந்தப் பிள்ளையையும் ‘மந்தம்’ என்று கூறுமுன் இவ்விரண்டையும் சோதித்துவிட வேண்டும். மூன்றாவது, ஞாயிறு வகுப்பு நடத்துவோர் தம் முறையை மாற்றிக்கொள்ளுதல். ஒப்பித்தலையே கல்வியாகக் கொண்டால் நாம் அறியாமலே சிலரை வாசலுக்கு அனுப்பிவிடுவோம். படமும் மண்ணும் துணியும் விளக்கும் மலரும் நம் வழிபாட்டிலேயே இருக்கின்றன. அவற்றை ஏன் பாடப்பொருளாகக் கொள்ளலாகாது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சான்றுபெற்ற பிள்ளைக்குக் கூடுதல் நேரமும் எழுதித்தர ஆளும் கிடைக்கும் என்பதைப் பெற்றோர் எட்டாம் வகுப்பிலேயே அறிந்திருக்க வேண்டும். தேர்வுக்கு முதல்வாரம் அறிந்து பயனில்லை. நான்காவது தாயைப் பற்றியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் வேறொருவர் அப்பிள்ளையோடு அமர்ந்திருந்தால் அவள் சந்தைக்குப் போய்வருவாள், அல்லது வெறுமனே உறங்குவாள். அதுவும் தானமே. அதற்குப் பணம் வேண்டாம்.

நம் முன்னோர் பள்ளிக்கு வெளியே நின்றவர்கள். 1894-ல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் மக்களுக்கென இலவசப் பள்ளி தொடங்கும்வரை அந்நகரத்தில் எத்தனை வாயில்கள் அடைத்திருந்தன என்பதை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எர்ணாகுளத்துக் காயலில் 1913-ல் புலையர் கூட்டம் கூட நிலத்தில் இடம் மறுக்கப்பட்டபோது, பண்டிதர் கருப்பன் முன்னின்று படகுகளை ஒன்றோடொன்று கட்டி நீர்மேல் கூட்டம் நடத்தினார். 1917-ல் அருகிலுள்ள செறாயியில் சகோதரன் அய்யப்பன் எல்லோரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தார். ஜீவகர் விருந்தில் பகவான் பாத்திரத்தை மூடியதும் இதே பந்திக்காகத்தான். அப்படி வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் நடத்தும் வகுப்பில், செருப்புக் காவலுக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தான் என்பதை எழுத நமக்கு நாணமாகவே இருக்கிறது.

அச்சிறுவனுக்குப் பின்னர் மருத்துவம் செய்து, வள மையத்தின் வழியே கேள்விக் கருவியும் கிடைத்தது. அதனால் அவன் உடனே முதல் மாணவன் ஆகிவிடவில்லை. இழந்த ஆண்டுகள் இழந்தவையே. மழைக்காலத்தில் ஈரம் பட்டுக் கருவி பழுதாகும். மின்கலம் வாங்கக் காசிராது. வகுப்பில் முன்வரிசையில், நம் முகம் தெரியும்படி அவனை உட்காரவைத்தோம். சரணங்களை அவன் ஒப்பித்தது ஐந்தாவது மாதத்தில். அதுவும் இரண்டாம் அடி சற்றுக் குழறியது. ஒப்பித்து முடித்ததும் எழுந்து வாசலுக்குச் சென்று செருப்புகளை வரிசையாக அடுக்கினான். ‘அது இனி உன் வேலை இல்லை’ என்றோம். ‘பழகிப் போச்சுங்கய்யா’ என்றான். அடுத்த வாரம் முதல் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து அவ்வேலையைச் செய்யும்படி ஏற்பாடு செய்தோம். நமக்கும் மாதத்தில் ஒரு முறை வரும்.

அடுத்த படிப்புக் கூட்டத்திற்கு வரும் சகோதர சகோதரிகள், தங்கள் தெருவில் பள்ளிக்குச் செல்லாதிருக்கும் பிள்ளை யார், சென்றும் பின்வரிசையில் பேசாதிருக்கும் பிள்ளை யார் என்று விசாரித்துக்கொண்டு வருக. பிள்ளையின் காதையும் கண்ணையும் யாரேனும் சோதித்தார்களா, சான்றிதழ் உண்டா, தாய்க்குத் துணை யார் என்னும் மூன்றையும் கேட்டு வந்தால் போதும். கூட்டத்தில் பிள்ளையின் பெயரை எல்லோர் முன்னும் சொல்லவேண்டாம். தனியே குறித்துக் கொடுத்தால் அவ்வாரமே யார் உடன் செல்வது என்று முடிவு செய்துகொள்ளலாம்.